வெயிலக்காவின் மொட்டை மாடி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் மருத்துவமனைத் தலைவர் அவர்களே! துக்கம் என்றாலும் நேரத்துக்குத் தொடங்க வேண்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருக்கும் நிர்வாக அலுவலர் அவர்களே! பேச எழுந்து, பேச முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட தலைமைச் செவிலியர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும், வெயிலக்காவின் கணவர் நம் அத்தான் அவர்களே! காலை வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்கும் சலவைப் பிரிவுத் தோழர்களே, சமையல்கூடத்துச் சகோதரிகளே! கட்டில் பக்கத்திலிருந்து எழுந்துவர மனமில்லாமல் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளின் உறவினர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கொதிகலன்காரனின் வணக்கம்.

ஒலிபெருக்கி கொஞ்சம் இரைகிறது. பரவாயில்லை. கொதிகலன் பக்கத்தில் நின்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. ஒலிபெருக்கி நின்றாலும் நான் நிற்க மாட்டேன்.

நம் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர், நம் எல்லோருக்கும் வெயிலக்கா, ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்மை விட்டுப் போய்விட்டார். அத்தான் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "இன்னைக்கு டீ ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு என்கிறார்கள். யாருக்கும் பாரமாகக் கிடக்கவில்லை என்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. அக்கா இன்னும் எத்தனையோ தேநீர் குடித்திருக்க வேண்டியவர். வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆனால் நான் அழுவதற்கும் புகழ்வதற்கும் மட்டும் இந்த மேடைக்கு வரவில்லை. ஒன்றைக் கேட்கவும் வந்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்து வைத்துப் பேசினான் என்று யாரும் சொல்லக்கூடாது.

அக்கா போன மறுநாள் காலையில் சலவைக்கூடத்தின் மொட்டை மாடிக் கதவில் ஒரு புதுப் பூட்டு தொங்கியது. பொறுப்பாளர் இல்லாததால் யாரும் மேலே போகக்கூடாது, துணியெல்லாம் இனி உலர்த்தும் இயந்திரத்தில்தான் காய வேண்டும் என்று உத்தரவு. கடைசி வரிசையில் ஓர் அம்மா இருக்கிறார். எலும்புப் பிரிவில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் பாப்பாவின் அம்மா. பாப்பாவுக்குக் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அசைய முடியாது. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் நம் மொட்டை மாடி தெரியும். அங்கே கொடியில் ஆடும் வெள்ளைத் துணிகளும், அவற்றின் நடுவிலிருந்து கையசைக்கும் வெயிலக்காவும்தான் அந்தக் குழந்தைக்குப் பொழுதுபோக்கு.

நேற்று அந்த அம்மா என்னிடம் வந்தார். "அண்ணே, அக்கா போனத பாப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல. கொடியில துணியக் காணோமேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. சாப்பிட மாட்டேங்கிறா. மூஞ்சிய சுவர் பக்கம் திருப்பிக்கிறா. நான் என்னண்ணே சொல்றது?" என்றார். பதில் தெரிந்தவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். இதுதான் நான் கேட்க வந்தது. மற்றதெல்லாம் ஏன் திறக்க வேண்டும் என்பதற்கான விளக்கம்.

யார் இந்த வெயிலக்கா? எனக்கும் அவருக்கும் என்ன உறவு? சண்டை உறவு! நான் நீராவிக்காரன், அவர் வெயில்காரர். நான் நெருப்பை மூட்டி நீராவி அனுப்பினால்தான் உலர்த்தும் இயந்திரம் சுழலும். அக்காவோ, மழை பெய்தால் ஒழிய என் நீராவியைத் தொட மாட்டார். "உன் நீராவியில துணி காயல தம்பி, வேகுது. மொகத்துல போட்டுப் பாரு, ஆஸ்பத்திரி வாசனைதான் வரும்" என்பார். நானும் விடமாட்டேன். "மேகம் வந்தா எங்கிட்டதான் வரணும்க்கா" என்பேன். "வரேன், வரேன். பங்காளி வீட்டுக்குப் போற மாதிரி வேண்டா வெறுப்பா வரேன்" என்பார். அவர் எனக்கு வைத்த பெயர் நெருப்பு. இன்றைக்கு இந்த மருத்துவமனையில் என் நிஜப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் மாடிக்கு ஏறியதும் அக்கா முதலில் என்ன செய்வார் தெரியுமா? கொடியைத் தொட மாட்டார். சும்மா நிற்பார். காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தைத் திருப்பிப் பார்ப்பார். குருவிகள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சத்தம் போடுவதைக் கேட்பார். அதற்குப் பிறகுதான் கூடையில் கை வைப்பார். குழந்தைகள் பிரிவின் விரிப்புகளுக்கு முதல் வெயில். முதியோர் பிரிவுக்குக் கொஞ்சம் முற்றிய வெயில். அவர் கணக்கில் வெயிலுக்குப் பக்குவம் உண்டு. காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரிப்பைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடி ஒரு நிமிடம் அப்படியே நிற்பார். காய்ந்துவிட்டது என்று தெரிவதற்கு அவ்வளவு நேரம் எதற்கு? சுகத்துக்குத்தான்! "வெயில மடிச்சுக் கட்டில்ல போடுறோம். அத மொதல்ல நாம கொஞ்சம் அனுபவிக்கக் கூடாதா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதானே?

சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். விரிப்பு கிழிந்தால் தலையணை உறையாகும். உறை நைந்தால் கைத்துண்டாகும். கைத்துண்டு இற்றுப்போனால் தரை துடைக்கும். சோப்புத் துண்டுகளைச் சேர்த்து உருட்டிப் புதுக் கட்டியாக்கிவிடுவார். கடைசியாக அலசிய தண்ணீர் சாக்கடையைப் பார்த்ததே இல்லை, மாடியில் இருக்கும் தக்காளிச் செடிகளுக்குப் போய்விடும். அலுவலகத்தில் ஒருவர் வாய்த்துடுக்காக, "என்னக்கா, இவ்வளவு கஞ்சத்தனமா?" என்று கேட்டுவிட்டார். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "கஞ்சன்னா நல்லத ஒளிச்சு வைக்கிறவன். நான் எதையாவது ஒளிச்சு வச்சிருக்கேனா? வா, தக்காளி பழுத்திருக்கு, தின்னுட்டுப் போ" என்றார். அவர் தின்றுவிட்டுத்தான் போனார். மறுநாளும் வந்தார்.

தக்காளி என்றதும் நம் தலைவர் அவர்கள் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, நானே சொல்லிவிடுகிறேன். தலைவர் அவர்கள் புதிதாகப் பொறுப்பேற்ற சமயம். சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அக்கா ஒரு தக்காளியை நறுக்கி, உப்பும் மிளகும் தூவி நீட்டினார். "பிரமாதம்! எந்தத் தோட்டத்துல வாங்குறீங்க?" என்றார் தலைவர். "உங்க ஆஸ்பத்திரியிலதான் சார் வெளையுது, வாங்க காட்டுறேன்" என்று மாடிக்கு அழைத்துப் போனார் அக்கா. செடிகள் வரிசையாக நிற்கின்றன. எதில் நிற்கின்றன? ஓட்டை விழுந்து கழித்துப்போட்ட பெட்பேன்களில்! தலைவர் அவர்கள் பெட்பேனைப் பார்த்தார், கையில் இருந்த பாதித் தக்காளியைப் பார்த்தார். "நல்லாக் கொதிக்க வச்சு, வெயில்ல காய வச்சு, அதுக்கப்புறம்தான் சார் மண்ணு போட்டேன்" என்றார் அக்கா. தலைவர் மீதித் தக்காளியையும் சாப்பிட்டார். ஐயா, அன்றைக்குத்தான் நீங்கள் எங்கள் ஆள் என்று முடிவு செய்தோம். அந்த நம்பிக்கையில்தான் இன்றைக்கு உங்களிடம் கேட்கிறேன்.

என் கொதிகலனையும் அக்கா விட்டுவைக்கவில்லை. சூடு வீணாகப் போகிறது என்று, தினமும் காலையில் உருளைக்கிழங்குகளைப் பழைய துணியில் சுற்றி, என் நீராவிக் குழாயின் வால்வு மேல் கட்டிவிட்டுப் போவார். மதியத்துக்குள் பஞ்சாக வெந்திருக்கும். ஒருநாள் கொதிகலன் ஆய்வாளர் வந்தார். கறாரான மனிதர். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். அந்த மூட்டைக்கு முன்னால் நின்றுவிட்டார். அவர் சொல்கிறார்: "இந்த வால்வுக்கு மட்டும் சூடு போகாம நல்லா உறை போட்டிருக்கீங்க. மத்த வால்வுக்கும் இதே மாதிரி போட்டுடுங்க." நான் என்ன சொல்வேன்? "சரிங்க சார்" என்றேன். அந்த நேரம் பார்த்து அக்கா தட்டோடு வருகிறார். "தம்பி, வெந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே உறையை அவிழ்க்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆய்வாளர் ஒரு கிழங்கை எடுத்துப் பிட்டுப் பார்த்தார். பிறகு, "உப்பு இருக்காம்மா?" என்றார். மொட்டை மாடியில், விரிப்புகளின் நிழலில், ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் அந்த மனிதர் போனார்.

இப்போது சிரித்தீர்கள். இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் அமைதியாகக் கேளுங்கள்.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு நுனி. இழுத்து, உதறி, நெருங்கி வந்து சேர்க்க வேண்டும். அக்கா தன் பிரிவு ஆட்களை மடிக்கக் கூப்பிட மாட்டார், அதைக் கவனித்திருக்கிறீர்களா? "எனக்குத் தோள்பட்டை வலி, தனியா மடிக்க வராது" என்று சொல்லிக்கொண்டு கீழே இறங்குவார். நடைபாதையில் யார் உட்கார்ந்து அழுகிறார்களோ, யார் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களோ, அவர்களிடம் போவார். "கொஞ்சம் மேல வந்து ஒரு கை பிடிக்கிறீங்களா? ஆள் இல்ல" என்பார். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி வேலைக்குக் கூப்பிடுகிறாரே என்று அவர்களும் எழுந்து போவார்கள். இதில் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்!

ஒரு பேருந்து ஓட்டுநர். மனைவி அறுவை சிகிச்சைக் கூடத்துக்குள் இருக்கிறார். மனிதர் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அக்கா அவரை மேலே அழைத்து வந்தார். நான் அப்போது தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் மடித்தார்கள். ஒரு விரிப்பில் அந்த மனிதர் நுனியை அக்காவிடம் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தோள் குலுங்குகிறது. அக்கா, "அழாதீங்க" என்று சொல்லவில்லை. "எல்லாம் சரியாயிடும்" என்றும் சொல்லவில்லை. எதிர் நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே காத்து நின்றார். அவராக விட்ட பிறகு வாங்கி மடித்து வைத்தார். அப்புறம், "உக்காருங்க. கெழங்கு சூடா இருக்கு, உப்பு உங்க பக்கத்துல இருக்கு" என்றார். மனிதர் சாப்பிட்டார். அவர் மனைவி பிழைத்தாரா? பிழைத்தார். அதோ, மூன்றாவது வரிசையில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அமையாதவர்களும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

ஒருநாள் மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது. துணி நனையப்போகிறதே என்று நான் மாடிக்கு ஓடினேன். அக்கா தனியாக இருந்தார். ஒரு நுனியைத் தாடையில் இடுக்கி, கையை வீசி, இரண்டே உதறலில் விரிப்பை மடித்து அடுக்கிக்கொண்டே போகிறார். எந்தத் தோள்பட்டையிலும் எந்த வலியும் இல்லை! நான் வாயைப் பிளந்து நின்றேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டார். "நெருப்பு, வெளிய உளறிடாத" என்றார். "ஏன்க்கா இப்படி?" என்றேன். "அழறவங்கள வந்து உக்காரு, சாப்பிடுன்னா வருவாங்களா? ஒத்தாச பண்ணுன்னா வருவாங்க. வந்து காத்துல நின்னுட்டா பசி தானா எடுக்கும்" என்றார்.

அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு உளறிவிட்டேன். உளற வேண்டிய நாள் வந்துவிட்டது.

மாடியில் என்ன இருந்தது? கயிறு, க்ளிப், காற்று, தக்காளி, உப்பு. கடையில் போய் வாங்க வேண்டியது என்று பார்த்தால் உப்பும் ரொட்டியும்தான். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி, மாத்திரையாலும் ஊசியாலும் ஆகாத ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தார். மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் வேலை வேறு. நோயாளியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நோயாளியின் பக்கத்தில் நின்றவரை யார் பார்த்துக்கொண்டது? எளிமையான வாழ்க்கை என்று நாம் பேசுகிறோம். இல்லாததைப் பொறுத்துக்கொள்வதுதான் எளிமை என்று நினைக்கிறோம். அக்கா எதையும் பொறுத்துக்கொள்ளவில்லை! அக்கா ரசித்தார்! வெந்த கிழங்கைப் பிட்டால் ஆவி வருமே, அதை ரசித்தார். துணி படபடப்பதை ரசித்தார். ரசிக்கத் தெரியாதவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரசிக்க வைத்தார். இப்படி ஒருவரை இனி எங்கே போய்த் தேடுவது?

தேடத் தேவையில்லை என்பதுதான் என் வாதம். அந்தப் பழக்கத்தை நாம் எடுத்துச் செய்யலாம். பூட்டு மட்டும் திறக்க வேண்டும்.

நிர்வாக அலுவலர் அவர்களே, நீங்கள் நல்லவர். வேண்டுமென்று பூட்டவில்லை. நேற்று நான் கேட்டபோது என்னிடம் சொன்னீர்கள்: "கைப்பிடிச் சுவர் குட்டையா இருக்குப்பா. வெளியாள் வந்து போற இடம். நாளைக்கு யாராவது விழுந்தா பொறுப்பு யாரு? இதுவரைக்கும் அந்த அம்மா இருந்தாங்க." நியாயமான கேள்வி. நான் ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். பொறுப்பு யார்? வெயிலக்கா பொறுப்பு என்று எந்த உத்தரவு சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவராக எடுத்துக்கொண்டார். அவராக எடுத்துக்கொண்டதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாதா?

பொறுப்பு யார்? நான். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், சம்பளப் பிரிவில் கேட்டால் நிஜப் பெயரைச் சொல்வார்கள். மேலே ஆள் இருக்கும் நேரமெல்லாம் எங்களில் ஒருவர் கூடவே இருப்போம்.

பொறுப்பு யார்? அதோ, இஸ்திரி போடும் அண்ணன் எழுந்துவிட்டார். சமையல்கூடத்துச் சகோதரிகள் எழுகிறார்கள். பேருந்து ஓட்டுநர் ஐயா, நீங்கள் இங்கே வேலை பார்ப்பவர் இல்லையே! சரி, நில்லுங்கள், விடுமுறை நாளில் வாருங்கள். தலைமைச் செவிலியர் அவர்கள் ஏதோ சொல்கிறார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா. "என் பேரையும் எழுதிக்குங்க" என்கிறார்! கேட்டீர்களா? இவ்வளவு நேரம் பேச வராதவருக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது!

அத்தான் எழுந்திருக்கிறார். உட்காருங்கள் அத்தான், சிரமப்படாதீர்கள். என்ன? "சுவரு குட்டைன்னா நான் மரச்சட்டம் அடிச்சுத் தரேன். நான் தச்சன்தானே" என்கிறார். அத்தான், உங்கள் குரல் நடுங்குகிறது. ஆனால் நீங்கள் அடிக்கும் சட்டம் நடுங்காது என்று எங்களுக்குத் தெரியும்.

இதோ, இந்த அவையில் அக்காவின் படத்துக்கு முன்னால் உறுதி சொல்கிறோம். துணியைக் கொடியில் போடுவோம். கிழிந்ததைத் தைப்போம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம். என் வால்வுக்கு உறை கட்டுவோம். அழுகிறவரிடம் போய், தனியாக மடிக்க வராது என்று கூசாமல் பொய் சொல்வோம்!

தலைவர் அவர்கள் எழுந்து என் பக்கம் குனிகிறார். ஒலிபெருக்கியை நீட்டுகிறேன் ஐயா, எல்லோரும் கேட்கட்டும். "நாளைக்குக் காலையில திறந்துடச் சொல்றேன்" என்கிறார். கை தட்டுங்கள். தட்டுங்கள், அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் ஐயா, நாளை வேண்டாம். இன்று வெயில் இருக்கிறது.

நிர்வாக அலுவலர் அவர்கள் சட்டைப் பையில் கை விடுகிறார். சாவியைக் கொண்டுவந்தே இருக்கிறீர்கள்! நீங்கள் நல்லவர் என்று சொன்னேனா இல்லையா? இயந்திரத்துக்குள் போகாத ஈர விரிப்புகள் கீழே கூடைகளில் இருக்கின்றன. தோழர்களே, ஆளுக்கொரு கூடை எடுங்கள். மௌன அஞ்சலியை நாம் மேலேயே செலுத்துவோம். வழிவிடுங்கள், கடைசி வரிசைக்கு வழிவிடுங்கள். அம்மா, வாருங்கள், நீங்கள் முதலில் ஏறுங்கள். ஏறியதும் ஜன்னலைப் பார்த்துக் கையசையுங்கள், பாப்பா இந்தப் பக்கம் திரும்பட்டும். அக்கா போனதைப் பிறகு நாம் எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்குச் சொல்வோம்.